விசிட்டர்

நாலு முழுத்தாள், இரண்டு பக்கமும் நெருக்கி எழுதிய கடிதம். ‘பெயரைப் போட்டுவிடாதீர்கள்’ என்று முதல் வரியிலேயே கேட்டுக்கொண்டிருக்கிறார். போடவில்லை. ஆள் தெரியாமலிருக்க ஒன்றிரண்டு விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். விஷயத்தை மாற்றவில்லை.

சென்னைக்காரர். கணக்கு எழுதும் வேலை. சண்டை, சமாதானம், மறுபடி சண்டை என்று சில வருஷம் இழுத்து, கடைசியில் பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்து ஆனது. ஒரே பெண், இப்போது எட்டு வயசு. குழந்தை அம்மாவிடம் வளரும். அப்பா மாதத்தில் இரண்டாவது, நாலாவது சனிக்கிழமை காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை கூட்டிப் போய்க் கொண்டுவந்து விடலாம். இருவரும் கையெழுத்துப் போட்டு, கோர்ட் முத்திரை விழுந்த ஏற்பாடு. கையெழுத்துப் போட்ட அன்றைக்கு இரண்டு வீட்டுக்கும் நடுவே பன்னிரண்டு கிலோமீட்டர். அப்புறம் அந்த அம்மாவுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. பன்னிரண்டு, முன்னூற்று அறுபது ஆகிவிட்டது.

கணக்கர் அல்லவா, கணக்கோடுதான் எழுதியிருக்கிறார். பெங்களூர் போனபின் வந்த சனிக்கிழமைகள் இருபத்தெட்டு. அவர் போனது இருபத்து நாலு. குழந்தையைப் பார்த்தது ஏழு தடவை. மற்ற பதினேழு தடவையும் ஏதோ ஒன்று. பரீட்சை, காய்ச்சல், தோழி வீட்டில் பிறந்தநாள், ‘அவளே வரமாட்டேங்கறா, நான் என்ன பண்ண?’ சில நாள் காரணமே கிடையாது. போன் அடித்துக்கொண்டே இருக்கும்.

வெள்ளிக்கிழமை ராத்திரி சென்ட்ரலில் பெங்களூர் மெயில் ஏறுவார். அது விடியுமுன் இறக்கிவிடும். ஸ்டேஷனிலேயே பல் தேய்த்து, சட்டை மாற்றி, எங்காவது ஓர் இட்லி சாப்பிட்டுவிட்டு ஒன்பதே முக்காலுக்கு அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் நிற்பார். பார்க்க முடிந்த நாளில் திரும்புவதும் ராத்திரி மெயில்தான். முடியாத நாளில் மத்தியானம் மூன்று மணி பிருந்தாவன். ‘ராத்திரி ஒன்பதரைக்கே நான் வீட்டுக்கு வந்துட்டா, எங்கம்மா ஒண்ணும் கேக்க மாட்டாங்க சார். தட்டை எடுத்து வெச்சுட்டு உள்ளே போயிடுவாங்க.’

இந்த இடத்தில் கடிதத்தைக் கொஞ்ச நேரம் கீழே வைத்துவிட்டேன். அடுத்து ஒரு பாரா வருகிறது. அதற்காகத்தான் இந்த வாரம் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

குடியிருப்பின் வாசலில் செக்யூரிட்டி மேஜை. மேஜையில் நீளமான ரெஜிஸ்டர். பெயர், எங்கிருந்து, எந்த வீடு, என்ன வேலையாக, உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம் என்று கட்டம் கட்டமாக இருக்கும். நீங்களும் நானும் தினம் எங்காவது கிறுக்கிவிட்டுப் போகிற நோட்டுதான். அவருக்கு முன்னால் வந்தவர்கள் ‘கூரியர்’, ‘ஏ.சி. ரிப்பேர்’, ‘தண்ணி கேன்’ என்று எழுதியிருப்பார்கள். ‘என்ன வேலையாக’ என்கிற கட்டத்தில் இவர் என்ன எழுதுவது? முதல் தடவை ‘அப்பா’ என்று எழுதினாராம். காவலாளி பார்த்துவிட்டு, ‘அது உறவு சார், வேலையை எழுதுங்க’ என்கிற அர்த்தத்தில் கன்னடத்தில் ஏதோ சொல்லியிருக்கிறார். இவர் அடித்துவிட்டு ‘விசிட்டர்’ என்று எழுதினார். அன்றிலிருந்து அதேதான்.

இனி அவர் கேள்வி. ‘சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். விட்டுடு, குழந்தையைப் போட்டு இழுக்காதே, பெரியவளானா அவளே தேடி வருவா என்று. விட்டுக்கொடுப்பதுதான் உண்மையான பாசம் என்று சாலமன் ராஜா கதையிலும் வருகிறதே. மறுபடி கோர்ட்டுக்குப் போய் என் உரிமையை நிலைநாட்டுவதா, விட்டுவிடுவதா?’

சாலமன் கதை உங்களுக்குத் தெரியும். ஒரு குழந்தைக்கு இரண்டு பெண்கள் உரிமை கொண்டாடினார்கள். ‘வாளால் இரண்டாக வெட்டி ஆளுக்குப் பாதி கொடு’ என்றார் ராஜா. ‘வேண்டாம், அவளிடமே கொடுத்துவிடுங்கள்’ என்று அலறியவளே நிஜத் தாய். பௌத்த ஜாதகக் கதையிலும் இது உண்டு. அங்கே தரையில் கோடு போட்டு, குழந்தையை நடுவில் கிடத்தி, ஆளுக்கொரு பக்கம் இழுக்கச் சொல்கிறார் மகோஷதர். குழந்தை வலியில் அழுததும் கையை விட்டவள் தாய். ஜெர்மானிய நாடகாசிரியர் பிரெக்ட் 1944-ல் இதையே திருப்பிப் போட்டார். அவருடைய சுண்ணாம்புக்கட்டி வட்டத்தில் கையை விடுகிறவள் பெற்றவள் அல்ல, எடுத்து வளர்த்த வேலைக்காரப் பெண். ஆக தேசம் எதுவானாலும் தீர்ப்பு ஒன்றுதான். கையை விட்டவளுக்கே குழந்தை.

அதை இன்னொரு தடவை படியுங்கள். கையை விட்டவளுக்கே குழந்தை ‘கிடைக்கிறது’. ஏன் கிடைக்கிறது? பார்த்துக்கொண்டு ஒரு சாலமன் உட்கார்ந்திருக்கிறார். அவர் மட்டும் அந்த நிமிஷம் எழுந்து காப்பி குடிக்கப் போயிருந்தால்? கையை விட்டவள் வெறுங்கையோடு வீட்டுக்குப் போயிருப்பாள், இழுத்தவள் தூக்கிக்கொண்டு போயிருப்பாள். தவிர, அந்தக் கதையில் ஒருத்தி பொய்க்காரி. நம் வாசகர் வீட்டில் பொய்க்காரர் யாருமில்லை. அவரும் நிஜ அப்பா, அந்த அம்மாவும் நிஜ அம்மா. அதனால் சாலமனின் வாள் இங்கே உதவாது.

இதை நான் புத்திசாலித்தனமாகச் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். ரொம்பத் தாமதமாகப் புரிந்துகொண்ட விஷயம் இது. எப்படி என்று சொல்கிறேன்.

என் நண்பர் ஒருவர், பாங்கில் இருந்து ரிடையர் ஆனவர். அவருக்கும் இதே கதை, தொண்ணூறுகளில். மனைவி ஆறு வயசுப் பையனோடு ஹைதராபாத் போய்விட்டார். நண்பர் இரண்டு தடவை போனார். வாசலிலேயே பேச்சு தடித்து, பையன் கதவுக்குப் பின்னால் நின்று அழுதிருக்கிறான். மூன்றாவது தடவை அவர் போகவில்லை. ‘என்னால அவன் அழக்கூடாதுய்யா, விட்டுட்டேன்’ என்றார். கடற்கரையில் நடக்கும்போது இதே சாலமன் கதையைத்தான் சொன்னார். நாங்கள் நாலு பேர் இருந்தோம். நாலு பேரும் அவரைப் பாராட்டினோம். நான் கொஞ்சம் அதிகமாகவே பாராட்டினேன். ‘நீதான்யா உண்மையான தகப்பன்’ என்றேன்.

பையனுக்கு இருபத்து மூணு வயசில் சென்னையில் வேலை. நம்பர் தேடிக் கண்டுபிடித்து போன் செய்தான். ஹோட்டலில் சந்தித்தார்கள். இரண்டு காப்பி ஆறிப்போனபின் பையன் கேட்டான்: ‘ஏன் வரலை?’ நண்பர் எல்லாவற்றையும் சொன்னார். கதவு, அழுகை, விட்டுக்கொடுத்தது. பையன் கோபப்படவில்லையாம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, ‘சரி. ஆனா அது எனக்கு எப்படித் தெரியும்?’ என்றானாம். ‘நீங்க விட்டுக்கொடுத்தீங்களா, மறந்துட்டீங்களான்னு ஏழு வயசுல எனக்கு எப்படித் தெரியும்? ஒரு போஸ்ட் கார்டாவது போட்டிருக்கலாமே.’

நண்பர் இதைச் சொன்ன அன்றைக்கு நாங்கள் இருவர்தான் நடந்துகொண்டிருந்தோம். நான் பாராட்டியதை அவர் ஞாபகப்படுத்தவில்லை. எனக்கு ஞாபகம் இருந்தது.

சரி, சொந்தக்காரர்கள் சொல்கிற ‘பெரியவளானா அவளே வருவா’ என்கிற சமாதானம்? வருவாள், வைத்துக்கொள்ளுங்கள். கண்ணன்கூட வந்தானே! யமுனைக்கு அக்கரையில் வளர்ந்தவன் மதுரைக்குத் திரும்பி வந்தான், கம்சனை முடித்தான், பெற்றவர்களைச் சிறை மீட்டான். கதை சுபம். ஆனால் குலசேகர ஆழ்வார் என்ன செய்தார் தெரியுமா? பெருமாள் திருமொழியில் ஒரு பதிகம் முழுக்கத் தேவகியை அழவிட்டார். தாலாட்டுப் பாடக் கொடுத்துவைக்கவில்லையே, தளர்நடை பார்க்கவில்லையே, வெண்ணெய் அளைந்த கையோடு அவன் நின்ற கோலத்தைப் பார்க்கவில்லையே என்று வரிசையாகச் சொல்லி அழுகிறாள். நந்தகோபருக்குக் கிடைத்த பாக்கியம் வசுதேவருக்குக் கிடைக்கவில்லையே என்றும் சொல்கிறாள். ராத்திரியோடு ராத்திரியாகக் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஆற்றைத் தாண்டிய அந்தத் தகப்பனுக்காகவும் சேர்த்து அழுகிறாள். பிள்ளை கிடைத்துவிட்டான். கிடைக்காதது அந்த நாட்கள்.

நம் வாசகரின் பெண்ணுக்கு முன்பல் விழுந்திருக்கிறதாம். ஒரு சனிக்கிழமை பார்த்தபோது ஓட்டை. அடுத்து பார்க்க முடிந்தபோது புதுப் பல். நடுவில் இருந்தது நாலு மாசம்.

இப்போது ‘உரிமை’க்கு வருகிறேன். கடிதத்தில் ‘என் உரிமை’ என்ற சொல் பதினோரு இடத்தில் வருகிறது. எண்ணிப் பார்த்தேன். அவர்மேல் தப்பில்லை, வக்கீல் பாஷை அது. ஆனால் சிக்கலே இங்கேதான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன்.

ஒரு பொருள் என்னுடையது என்றால், அதை வேண்டாம் என்று சொல்லவும் எனக்கு அதிகாரம் உண்டு. என் சினிமா டிக்கெட், போகலாம், கிழித்தும் போடலாம். சனிக்கிழமை அப்பாவின் உரிமை என்றால், அவர் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்துவிடலாம். அதே மாதிரி, அது அப்பாவுக்குக் கொடுக்கப்பட்ட சலுகை என்று அம்மா நினைத்தால், அவர் சரியில்லாதபோது அதைப் பிடுங்கிவிடலாம். இரண்டு பேரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். சனிக்கிழமையைத் தங்கள் இருவருக்கும் நடுவே இருக்கிற சொத்தாகப் பார்க்கிறார்கள்.

ஆனால் அந்த சனிக்கிழமை எட்டு வயசுக்காரியுடையதாக இருந்தால்?

இது என் சொந்தக் கற்பனை இல்லை. ஐ.நா.வின் குழந்தை உரிமை உடன்படிக்கை, ஒன்பதாவது பிரிவு. பெற்றோரைப் பிரிந்திருக்கும் குழந்தைக்கு இருவரோடும் தொடர்ந்து நேரடி உறவு வைத்துக்கொள்ள உரிமை உண்டு, அது குழந்தைக்குக் கெடுதல் என்றால் தவிர என்கிறது. உரிமை அப்பாவுக்கு என்றோ அம்மாவுக்கு என்றோ அதில் எழுதவில்லை. குழந்தைக்கு என்று எழுதியிருக்கிறது. 1992-ல் இந்தியா இதை ஏற்றுக்கொண்டது. 2020 ஜனவரியில் நம் உச்ச நீதிமன்றமும் யஷிதா சாஹு வழக்கில் இதைத்தான் சொன்னது. தாய் தகப்பன் இருவரின் அன்பும் குழந்தையின் அடிப்படை மனித உரிமை.

அப்படியானால் பெற்றவர்கள் இருவரும் கடன்காரர்கள். வாங்கின கடனை ‘பெரிய மனசு பண்ணி விட்டுட்டேன்’ என்று கடன்காரன் சொல்ல முடியுமா? கொடுத்தவர்தான் சொல்லலாம். இங்கே கொடுத்தவளுக்கு எட்டு வயசு, மைனர். சட்டத்தில் ஓர் அழகான ஏற்பாடு இருக்கிறது. வழக்குப் போடக் காலக்கெடு உண்டல்லவா, அந்தக் கடிகாரம் மைனருக்கு எதிராக ஓடாது. மேஜராகும்வரை நின்று காத்திருக்கும். ஆனால் சட்டத்தின் கடிகாரம்தான் நிற்கும். பல் விழுந்து முளைப்பது நிற்காது.

கடிதத்தை ஒருவரிடம் படித்துக் காட்டினேன். எங்கள் குடியிருப்பிலேயே இருக்கும் பள்ளி ஆசிரியை. அவரும் விவாகரத்தானவர், பையனோடு இருக்கிறார். முன்னாள் கணவர் கொச்சியிலிருந்து பார்க்க வருவார். முழுவதும் கேட்டுவிட்டு அவர் சொன்னது:

‘ரயில் எத்தனை தடவை, இட்லி எங்கே, எல்லாம் எழுதியிருக்கார் சார். குழந்தைக்கு மாசாமாசம் பணம் அனுப்பறேன்னு ஒரு வரி இருக்கா, பாருங்க.’

பார்த்தேன். இல்லை.

‘எழுத மறந்திருக்கலாம். இல்லே, அனுப்பாமலும் இருக்கலாம். அது போகட்டும். கதவைத் திறக்காதவ அரக்கின்னு நினைக்காதீங்க. நானும் மூணு மாசம் திறக்காம இருந்திருக்கேன். சனிக்கிழமை வருவார். பீட்சா, மால், புதுப் பொம்மை, ஐஸ்க்ரீம். ராத்திரி ஏழு மணிக்குக் கொண்டுவந்து விட்டுட்டுப் போயிடுவார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவன் என்னோட பேச மாட்டான். திங்கக்கிழமை ஹோம்வொர்க்குக்கு நான்தான் அடிக்கணும், பல் தேய்க்க நான்தான் கத்தணும். அவருக்கு மாசத்துல ரெண்டு நாள் அப்பா வேஷம், எனக்கு இருபத்தெட்டு நாள் வில்லி வேஷம். ஒருநாள் பையன் கேட்டான், அப்பா வீட்டுல ஹோம்வொர்க்கே கிடையாதாம்மான்னு. அதுக்கப்புறம்தான் பூட்டினேன்.’

‘அப்புறம் ஏன் திறந்தீங்க?’

‘போன்ல பேசறப்ப அவன் குரலைக் குறைச்சிட்டான் சார். அம்மா பக்கத்துல இருக்கா, அப்புறம் பேசறேன்னு அவங்கப்பாகிட்ட சொன்னான். எட்டு வயசுல ஒளிச்சுப் பேசக் கத்துக்கிட்டான். என்னைப் பார்த்து.’

இவர் சொன்னதில் எனக்கு ஒரு விஷயம் தெளிவானது. ‘அவளே வரமாட்டேங்கறா’ என்று அம்மாக்கள் சொல்வது பல சமயம் பொய்யில்லை. குழந்தை நிஜமாகவே சொல்லியிருக்கும். யார் முகம் எப்போது சுருங்கும் என்பது வீட்டில் இருக்கிற குழந்தைக்கு மழைவாசனை மாதிரி தெரியும். குழந்தைக்கு விவரம் தெரிகிற வயசானால் அதன் விருப்பத்தைக் கேட்கலாம் என்று 1890-ல் வந்த கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டமே சொல்கிறது. கேட்கட்டும். ஆனால் அந்தப் பதில் யார் முகத்தைப் பார்த்துச் சொல்லப்பட்டது என்பதையும் கேட்கிறவர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அடுத்த வாரம் சரியான காரணத்துக்காக என்னைத் திட்டிக் கடிதங்கள் வரும். கதவு மூடியிருப்பதற்கு நிஜமான காரணம் இருக்கிற வீடுகள் உண்டு. அடித்தவன், குடித்துவிட்டு வருகிறவன், குழந்தையிடமே தப்பாக நடந்துகொண்டவன். அங்கே மூடின கதவுதான் அம்மா செய்கிற கடமை. உடன்படிக்கையின் ‘தவிர’ என்கிற வார்த்தை அவர்களுக்காகத்தான் இருக்கிறது. அப்போதும், அதைக் கோர்ட்டில் சொல்லி, வேறொருவர் முன்னிலையில்தான் பார்க்கலாம், அல்லது பார்க்கவே கூடாது என்று உத்தரவு வாங்குவது நல்லது. போனை எடுக்காமலிருப்பது யாரையும் காப்பாற்றாது. நம் வாசகர் விஷயத்தில் அப்படி எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. இருந்திருந்தால் அந்த அம்மா சனிக்கிழமைகளுக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். நினைக்கத்தான் முடியும். எனக்கு வந்தது ஒரு பக்கத்துக் கடிதம்.

சரி, என்ன செய்வது? என் வக்கீல் நண்பர் ஒருவரைக் கேட்டேன். அவர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஓசூரைத் தாண்டினால் சட்டம் மாறாது, கோர்ட்தான் மாறும். குழந்தையை யார் வளர்ப்பது என்று புதிதாக வழக்குப் போடுவதானால், குழந்தை வழக்கமாக வசிக்கிற ஊர் கோர்ட்டில்தான் போட வேண்டும், அதாவது பெங்களூரில். ஆனால் இவரிடம் ஏற்கெனவே உத்தரவு இருக்கிறது. அதை நிறைவேற்றச் சொல்லி, உத்தரவு கொடுத்த சென்னை கோர்ட்டில் மனுப் போடலாம். அவர்கள் அதை பெங்களூர் கோர்ட்டுக்கு அனுப்பிவைக்க முடியும். இல்லாவிட்டால் ஊர் மாறிப்போனதைச் சொல்லி, இந்து திருமணச் சட்டம் 26-வது பிரிவில் ஏற்பாட்டையே மாற்றியமைக்கக் கேட்கலாம். மாதம் இரண்டு சனிக்கிழமைக்குப் பதிலாகக் கோடை லீவில் சேர்ந்தாற்போல் சில நாள், தசரா லீவில் சில நாள், இப்படி. வழக்கை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு மாற்ற வேண்டும் என்று யாராவது கிளம்பினால் அதற்கு டெல்லி உச்ச நீதிமன்றம்தான் போக வேண்டும். அங்கே பொதுவாகப் பெண்ணின் சௌகரியத்துக்குத்தான் அதிக இடம் கொடுப்பார்கள் என்றார் நண்பர். நியாயம்தான்.

இன்னொன்றும் சொன்னார். எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. நான் மேலே சொன்ன 2020 தீர்ப்பில், பெற்றோர் வேறு வேறு மாநிலத்திலோ நாட்டிலோ இருந்தால் நேரில் பார்ப்பது மட்டும் போதாது, போனிலும் வீடியோவிலும் பேசுகிற ‘தொடர்பு உரிமை’யும் வேண்டும் என்று நீதிபதிகள் சொல்லியிருக்கிறார்கள். விசேஷக் காரணம் ஏதும் இல்லாவிட்டால், தினம் ஐந்து பத்து நிமிஷம். மாதத்தில் இரண்டு நாள் மால் சுற்றுவதைவிடத் தினம் ஐந்து நிமிஷம் ‘இன்னிக்கு கிளாஸ்ல யார்கிட்ட சண்டை?’ என்று கேட்பது மேல் இல்லையா? அந்த ஆசிரியையின் கோபத்துக்கும் அதில் கொஞ்சம் பதில் இருக்கிறது. ஹோம்வொர்க் சொல்லிக்கொடுக்க முன்னூற்று அறுபது கிலோமீட்டர் ஒரு தூரமா?

ஆனால் கோர்ட் கதவைத்தான் திறக்கும், முகத்தைத் திறக்காது. 2022-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி, பிள்ளையைப் பார்க்க வரும் பிரிந்த துணையை விருந்தாளியைப் போல நடத்துங்கள், ‘அதிதி தேவோ பவ’ என்பது நம் மரபு, ஏதாவது சாப்பிடக் கொடுங்கள் என்று சொன்னார். படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. பிற்பாடு மேல்முறையீட்டில் இரண்டு நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது. விருந்தாளியிடம் எப்படி நடந்துகொள்வது என்பது கோர்ட் முன் இருக்கும் கேள்வி அல்ல என்றார்கள். யோசித்தால் இரண்டு பக்கமும் சரி என்றுதான் படுகிறது. காப்பி கொடு என்று ஒரு பெண்ணுக்கு உத்தரவு போட முடியாது. உத்தரவுக்காகக் கொடுத்த காப்பியைக் குடிக்கவும் முடியாது.

இவ்வளவையும் யோசித்தபின் அந்த வாசகரை போனில் கூப்பிட்டேன். கடிதத்தின் கீழே நம்பர் கொடுத்திருந்தார்.

விட வேண்டாம் என்றேன். மனுப் போடுங்கள், ஆனால் அதில் ‘என் உரிமை’யை அடித்துவிட்டுக் குழந்தைக்கு என்ன வேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள் என்றேன். தினம் பேசும் ஐந்து நிமிஷத்தைக் கேளுங்கள். போன சனிக்கிழமைகளின் கணக்கு இருக்கிறதே, அதைப் பத்திரமாக வையுங்கள், ஆனால் குழந்தையிடம் காட்டாதீர்கள். ‘உங்கம்மா விடலை’ என்று ஒருநாளும் சொல்லாதீர்கள். வாரம் ஒரு கார்டு போடுங்கள், கிழிக்கப்பட்டாலும் போடுங்கள்.

‘கார்டு போட்டேன் சார், நாலு தடவை. அவ தமிழ் எழுத்தை மறந்துட்டா. ஸ்கூல்ல கன்னடம். அதனால நான் கன்னட எழுத்து கத்துக்கிட்டிருக்கேன். அப்பாவுக்கு அங்கேயும் அப்பாதான் சார், அது ஒரு சௌகரியம்.’

சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு கேட்டேன்: ‘குழந்தைக்கு மாசாமாசம் அனுப்ப வேண்டியது அனுப்பறீங்களா?’

நீண்ட நேரம் பேச்சே இல்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

‘மூணு மாசமா நிறுத்தி வெச்சிருக்கேன் சார்’ என்றார். ‘காட்டட்டும், அனுப்பறேன்னு வக்கீல் நோட்டீஸ் விட்டிருக்கேன். எங்கிட்ட வேற என்ன இருக்கு, சொல்லுங்க.’

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஆசிரியை சரியாகத்தான் கண்டுபிடித்திருந்தார். இவர் ரூபாயைப் பூட்டிவைத்திருக்கிறார், அந்த அம்மா கதவைப் பூட்டிவைத்திருக்கிறார். இரண்டுக்கும் நடுவே கோட்டில் கிடக்கிறவளுக்குப் புதுப் பல் முளைத்துக்கொண்டிருக்கிறது. சட்டம் இந்த இரண்டையும் தனித்தனியாகத்தான் பார்க்கிறது. பணம் குழந்தையின் சாப்பாட்டுக்கும் ஸ்கூலுக்கும். பார்ப்பதற்கு நுழைவுக் கட்டணம் அல்ல. இதையெல்லாம் அவரிடம் சொன்னேனா? சொன்னேன், இவ்வளவு கோர்வையாக இல்லை. ‘அதுவும் அவளுடையதுதானே சார்’ என்றுதான் சொன்னதாக ஞாபகம்.

‘வர்ற சனிக்கிழமை நாலாவது சனி’ என்றார். ‘மெயில்ல ஆர்.ஏ.சி. கிடைச்சிருக்கு.’

‘பணத்தை வெள்ளிக்கிழமைக்குள்ளே அனுப்பிடுங்க.’

‘மூணு மாசமும் சேர்த்து அனுப்பிடறேன் சார்.’ கொஞ்சம் நிறுத்தி, ‘வாசல்ல நிக்கறப்ப அதைச் சொல்லிக்காட்டக் கூடாது, இல்லே?’ என்றார்.

கூடாது என்றேன்.